கூடைக் கயிற்றில் வந்த சாமி

தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த கலா திடீரென்று நின்றாள். கையிலிருந்த கொழுந்து கூடைக்குப் போகாமல் செடிமேல் சிதறியது. கண் இரண்டும் விரிந்து, தோள் குலுங்கி, வாயைத் திறந்து மூடினாள். தலை விர்ரென்று நடுங்கியது.

பக்கத்து நிரையில் நின்ற பெண்தான் முதலில் கத்தினாள். "ஆத்தாடி! கலாவுக்குச் சாமி வந்துருச்சு!"

அவ்வளவுதான். மலையில் ஒரு கை அசையவில்லை. கூடைகள் இறங்கின. ஒருத்தி மடியில் தேடித் தீப்பெட்டியை எடுத்தாள். கற்பூரத்துக்கு எங்கே போவது? தீக்குச்சியைக் கொளுத்தி அதையே காட்டினாள். காற்று அணைத்தது. இன்னொன்று கொளுத்தினாள்.

அந்தப் பெண்களை வேலை வாங்கும் முத்தையா கங்காணி, மழைத் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மெல்ல முன்னால் வந்தார். எப்போதும் கரகரக்கும் குரல் குழைந்திருந்தது.

"வந்திருக்கிறது யாரு? சொல்லு தாயி, எந்த ஆத்தா?"

நான் கீழே ரோட்டோரத்தில் நின்றுகொண்டிருந்தேன். என் கையில் தீப்பெட்டி அளவில் ஒரு ரிமோட். அதன் பொத்தான் ஈரத்தில் உள்ளே போய் மாட்டிக்கொண்டு வெளியே வர மறுத்தது. வந்திருப்பது யார் என்று அந்த மலையில் எனக்கும் கலாவுக்கும் மட்டும்தான் தெரியும். ஒரு பழைய வீடியோ கேம் ரிமோட்டிலிருந்து பிடுங்கிய மோட்டார்.

தலையணையும் பணிஸ் வாசமும்

"நீங்கள் என்னதான் வேலை செய்கிறீர்கள்?" என்று இந்தத் தொடரைப் படிக்கும் சிலர் கேட்டு எழுதியிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. என் அம்மாவுக்கே அது இன்னும் பிடிபடவில்லை. சொந்தக்காரர்கள் விசாரித்தால், "போன் கடைக்கு மேல போன் மாதிரி என்னமோ செய்யிறா" என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குத் தாவிவிடுவார்.

மனிதர்கள் இயந்திரங்களோடு பேசிப் பழகப் புதுப்புது வழிகள் செய்வது என் வேலை. திரையைத் தடவுவது ஒரு வழி. பொத்தானை அமுக்குவது இன்னொரு வழி. ஊதலாம், சாயலாம், தட்டலாம், மிதிக்கலாம், சும்மா பக்கத்தில் போய் நிற்கலாம். கொழும்பில் படித்தபோது திரையே இல்லாத ஒரு கருவி செய்து கொண்டுவரச் சொன்னார்கள். கூடப் படித்த ஒருவன், வீட்டு வாசலுக்கு ஆள் வந்தால் நிறம் மாறும் தலையணை செய்து வந்தான். எல்லோரும் கைதட்டினார்கள். தலையை வைத்துத் தூங்குகிறவனுக்கு அது எப்படித் தெரியும் என்று கேட்டேன். அதற்குப் பிறகு அவன் என்னோடு பேசவில்லை.

இப்போது ஹட்டன் பஜாரில், ரில்வான் நானாவின் போன் திருத்தும் கடைக்கு மேலே எனக்கு ஓர் அறை. மழை வந்தால் தகரக் கூரைச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. நானா படியேறி வந்து, நான் வரைந்து வைத்திருப்பதைத் தலையைச் சாய்த்துப் பார்ப்பார். "இது வேல செய்யாது தங்கச்சி" என்பார். பிறகு கீழே கொண்டுபோய் அவரே அதை வேலை செய்ய வைத்துவிடுவார். ஈயம் உருகும் புகையும் பக்கத்து பேக்கரியில் வேகும் பணிஸ் வாசமும் கலந்து வரும் அந்த அறையில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

ரோதைமுனியின் நெற்றி

இயந்திரத்தோடு பேசுவது எங்கள் ஆட்களுக்குப் புதிதல்ல. பூண்டுலோயாப் பக்கத் தோட்டமொன்றில் என் அப்பா தேயிலை ஸ்டோரில், கொழுந்து அரைக்கும் பகுதியில் இருந்தார். ஸ்டோர் என்றால் தொழிற்சாலை. ரோதை என்றால் எங்கள் பேச்சில் சக்கரம். அந்தச் சக்கரங்களுக்கென்று எங்களுக்கு ஒரு சாமியே உண்டு, ரோதைமுனி. வருஷா வருஷம் அவருக்குப் படையல் நடக்கும். மற்ற நாட்களிலும் அப்பா மெஷினைத் தட்டிக்கொடுத்து, "இன்னைக்கு அடம் புடிக்காத சாமி, சோறு திங்க நேரத்தோட போகணும்" என்று கெஞ்சுவதை நானே பார்த்திருக்கிறேன்.

ஒரு படையலின்போது, நிறம் பார்த்துத் தேயிலையைப் பிரிக்கும் புது மெஷின் வந்திருந்தது. புது ஆளை விட்டுவிடக் கூடாதே என்று அப்பா அதற்கும் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்தார். வைத்த இடம் அதன் கண்ணாடிக் கண். அன்றைக்கு வந்த தேயிலை எல்லாவற்றையும் குப்பை என்று அது தள்ளிக்கொண்டே இருந்தது. ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா குதித்தார்.

"நெத்தி எது, கண்ணு எதுன்னு மொதல்லயே சொல்லியிருக்கணும்ல?" என்றார் அப்பா, கொஞ்சமும் அசராமல்.

வீட்டில் இதை எத்தனை முறை சொன்னாலும் சிரிப்போம். இன்றைக்கும் ஒரு கருவி செய்து முடித்ததும், யாராவது பொட்டு வைக்க வந்தால் எங்கே வைப்பார்கள் என்று ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொள்கிறேன்.

மேரி அக்கா படியேறி வந்தது

கலாவின் கதைக்கு வருகிறேன். அது பொகவந்தலாவைப் பக்கத் தோட்டம். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடத்துக்கு அங்கே பிள்ளைக் காம்பரா என்று பெயர். அதைப் பார்த்துக்கொள்பவர் மேரி அக்கா. உடைந்த போனைத் திருத்த நானாவின் கடைக்கு வந்தவர், மேலே எட்டிப் பார்த்துவிட்டு என் அறைக்கு ஏறி வந்தார்.

"புதுசு புதுசா என்னமோ செய்யிறீங்களாமே மிஸ். ஒரு புள்ளயோட அழுகைய மலைக்கு ஏத்தி அனுப்ப ஏலுமா?"

இதைவிட நல்ல வேலையை யாரும் என்னிடம் கொண்டுவந்ததில்லை. அப்போதே பையைத் தூக்கிவிட்டேன்.

கலாவின் குழந்தை தாய்ப்பாலைத் தவிர வேறு எதையும் வாயில் வைக்காது. போத்தலைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பால் கொடுக்க வரத் தாய்மாருக்கு ஒரே ஒரு நேரம்தான் ஒதுக்கியிருந்தார்கள். அந்த நேரத்தில் குழந்தை அசந்து தூங்கும். எழுப்பினாலும் குடிக்காது. கலா காத்திருந்து பார்த்துவிட்டு மலை ஏறுவாள். அவள் ஏறி முடிப்பதற்குள் குழந்தை எழுந்து வீறிடும். மற்றப் பிள்ளைகளை விட்டுவிட்டு மேரி அக்கா மலைக்கு ஓட முடியுமா?

போன் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. மழைக்கு சொப்பிங் பேக்கில் சுற்றி, இடுப்பில் கட்டும் படங்குக்கு உள்ளே இருக்கிறது. சிக்னல் வருவதும் வராததும் அதன் இஷ்டம். வந்தாலும், கொழுந்துக் கறை ஏறிக் காய்த்த விரலைத் திரை மதிப்பதில்லை. ஒரு பெண் மூக்கு நுனியால் போனை எடுத்துப் பேசியதைப் பார்த்திருக்கிறேன்.

"வேலைய விடணும், இல்லாட்டி புள்ளைக்குப் பால நிறுத்தணும்" என்றாள் கலா. "இந்த மாசத்தோட முடிவு பண்ணணுங்க மிஸ். எங்க வீட்டுக்காரரு கொழும்புல கடையில நிக்கிறாரு. விட்டுட்டு வந்துருன்னுதான் சொல்றாரு. ஆனா இது நானே போயி கேட்டு வாங்குன வேலங்க."

சொல்லும்போது குழந்தையின் உள்ளங்காலைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தாள். இதைச் செய்து கொடுத்தே தீருவது என்று அப்போது முடிவு செய்தேன்.

மணி, காப்பு, தலை

முதலில் மேரி அக்கா கையில் ஒரு பெரிய மணியைக் கொடுத்துப் பார்த்தோம். அடித்ததும் கைக்குழந்தை உள்ள எல்லாத் தாயும் இறங்கி ஓடி வந்தார்கள். பாதி மலை வேலை முடிந்துவிட்டதென்று கூடையைத் தூக்கியது. கங்காணியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டோம்.

அடுத்தது, கையில் போடும் காப்பு. குழந்தை எழுந்தால் மேரி அக்கா பொத்தானை அமுக்குவார், தாயின் மணிக்கட்டில் அதிரும். மேசையில் அழகாக அதிர்ந்தது. மலையில் கலாவுக்கு ஒன்றுமே தெரியவில்லை. கொழுந்து பறிக்கிற கை ஓய்வதே இல்லை. செடி உரசுகிறது, கொப்பு கீறுகிறது, தண்ணீர் வழிகிறது. அதற்கு நடுவே எந்த அதிர்வு எங்கே தெரியும்?

உடம்பில் எந்த இடம் சும்மா இருக்கிறது என்று பார்க்க, கலாவின் கூடையை நான் மாட்டிக்கொண்டேன். கூடையின் கயிறு உச்சந்தலைமேல் படிந்து, பாரமெல்லாம் கழுத்துக்கு இறங்கும். பெண்கள் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பறித்தார்கள். நான் பறித்ததில் பாதி முற்றல் இலை. ஆனால் ஒன்று விளங்கியது. கை பறக்கிறது, கால் தடுமாறுகிறது, தலை மட்டும் கயிற்றின் கீழ் அப்படியே இருக்கிறது. அன்று மாலை கழுத்தைத் திருப்ப முடியாமல் பஸ்ஸில் நேராகவே பார்த்துக்கொண்டு ஹட்டனுக்கு வந்தேன். மனசு மட்டும் துள்ளிக்கொண்டிருந்தது.

கயிற்றுக்கும் தலைத்துணிக்கும் நடுவே அந்த வீடியோ கேம் மோட்டாரைத் தைத்தோம்.

"தங்கச்சி, இது கூடின பவரு. தலைக்குச் சரியா ஈக்குமா?" என்று நானா கேட்டார்.

"காப்பு தெரியாமல் போச்சே நானா, இருக்கட்டும்" என்றேன். கலாவின் தலையில் வைத்து நானே ஒரு நொடி ஓடவிட்டுப் பார்த்தேன். கூச்சத்தில் சிரித்தாள். ஒரு நொடிக்குமேல் ஓடினால் என்ன ஆகும் என்று யாரும் யோசிக்கவில்லை.

ஆத்தாவின் வாக்கு

ஆக, அந்தக் காலை. குழந்தை எழுந்துவிட்டதென்று மேரி அக்கா காம்பரா வாசலில் துவாயை ஆட்டினார். முதல் நாள் என்பதால் கலாவைப் பார்த்துக்கொண்டே அமுக்க ரோட்டில் நின்ற நான் பொத்தானை அமுக்கினேன். அது மாட்டிக்கொண்டது. மேலே கலாவின் மண்டை அதிர்ந்துகொண்டே இருந்தது. நிறைந்த கூடையின் பாரம் கயிற்றை இறுக்கிப் பிடித்திருந்ததால் சட்டென்று கழற்றவும் முடியவில்லை.

"சொல்லு தாயி" என்றார் கங்காணி மறுபடியும், கைகூப்பி.

பல் கிட்டிக்கொள்ள, கலா கத்தினாள். "புள்ள பாலுக்கு அழுவுது!"

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கங்காணிக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஆத்தா வாக்குக் குடுத்துட்டா. என்னாடி பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? அவ கூடைய எறக்குங்க! நீ போ தாயி, ஓடு, ஓடு!"

இரண்டு பெண்கள் கூடையைத் தூக்கி வாங்கினார்கள். கலா ஓடினாள். என்னைத் தாண்டும்போது சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டாள். குழந்தை வயிறு நிறையக் குடித்தது என்று மேரி அக்கா பிறகு சொன்னார்.

நான் அதோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஆனால் சாமி விஷயத்தில் பொய்யை ஓடவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. மேலே ஏறிப்போய், தனியே கிடந்த கூடையின் கயிற்றைப் பிரித்து மோட்டாரைக் காட்டினேன். பெண்கள் ஒரு கணம் திகைத்து, பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். தீக்குச்சி கொளுத்தியவள் சிரித்த சிரிப்பில் செடிமேலேயே சாய்ந்துவிட்டாள்.

கங்காணி சிரிக்கவில்லை. தொப்பியைத் தலையில் அழுத்திப் போட்டுக்கொண்டார். "என் மலையில இந்த வெளையாட்டு இனி வேணாங்க மிஸ்" என்று சொல்லிவிட்டு மேலே நடந்தார். கலா முடிவு பண்ண வேண்டிய மாசம் முடிய அதிக நாள் இல்லை.

கங்காணி கேட்டது

சாயங்காலம் மேரி அக்காதான் என்னைக் கங்காணி வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். கங்காணி வெளியில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். எங்களுக்கும் வந்தது, கடிக்கச் சீனியோடு.

"நீங்க தொப்பியக் கழட்டுனது மோட்டாருக்கா அண்ணே? ஒரு புள்ளயோட அழுகைக்குத்தானே கழட்டுனீங்க. அதுல என்னா வெக்கம்?" என்றார் மேரி அக்கா.

கங்காணி சீனியைக் கடித்து, ஒரு மிடறு குடித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"வெக்கம் கெடக்குது. ஒண்ணு கேக்குறேன், சொல்லுங்க மிஸ். கயிறு அதிர்றது அவளுக்குத் தெரியும். எனக்கு எப்பிடித் தெரியும்? நாளைக்கு ஆளாளுக்குத் தலை அதிருது, தலை அதிருதுன்னு கெளம்பிட்டா, கண்டாக்கையா வந்து கேக்கும்போது நான் என்னா சொல்றது?"

கண்டாக்கையா அவருக்கு மேலே இருக்கும் வெளிக்கள உத்தியோகத்தர். கங்காணி கேட்டதில் எனக்குக் கோபமே வரவில்லை. தாய்க்குச் சேதி போனால் போதும் என்று நினைத்து, அவளுக்கு மட்டும் தெரிகிற கருவி செய்திருந்தேன். அன்று காலை அவளை மலையே கூடி வழியனுப்பியதற்குக் காரணம், அவள் தலை ஆடியதை எல்லோரும் பார்த்ததுதான்.

"உங்களுக்கும் கேக்குற மாதிரி செஞ்சா?" என்றேன்.

"எனக்குங் கேட்டா, என் வாயால வேணாம்னு சொல்ல மாட்டேன்" என்றார்.

ஹட்டனுக்குத் திரும்பி நானாவிடம் சொன்னேன். எழுந்து போனவர், எதிரே உள்ள பூசைச் சாமான் கடையிலிருந்து காலில் கட்டும் சலங்கையில் ஒரு சரம் வாங்கி வந்தார்.

"கடக்கார ஐயா கேட்டாரு, நானா எந்தக் கோயிலுக்கு ஆடப் போறீங்கன்னு" என்று சொல்லிச் சிரித்தார்.

மோட்டாரின் வேகத்தைக் குறைத்து, கயிற்றின் ஓரத்தில் சலங்கையைக் கோத்தோம். நடந்தால் எப்போதாவது சிணுங்கும். மேரி அக்கா பொத்தானை அமுக்கினால் விடாமல் கிணுகிணுவென்று அடிக்கும். எந்தக் காதுக்கும் வித்தியாசம் தெரியும்.

பிறகு

அடுத்த வாரம் நல்ல தூறல். நான் பிள்ளைக் காம்பராவில் மேரி அக்காவோடு இருந்தேன். ஈரத் துணி காயும் வாசம், பால்மா கரைக்கும் வாசம். குழந்தை புரண்டது, கண்ணைத் திறந்தது, உதட்டைப் பிதுக்கியது. மேரி அக்கா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு பொத்தானை அமுக்கினார். பொத்தான் ஒழுங்காக வெளியே வந்தது.

மலையில் நடந்ததை அப்புறம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். சலங்கை அடித்ததும் மலையே ஒரே குரலில், சிரிக்காமல், "சாமி வந்துருச்சு கங்காணி!" என்றதாம். அவர் பெண்களை முறைத்துவிட்டு, "வந்தா போக வேண்டியதுதானே, என்னைய எதுக்குக் கேக்குறீங்க?" என்றாராம். இன்றுவரை அந்தத் தோட்டத்தில் அந்தக் கருவிக்குச் சாமி என்றுதான் பெயர். நான் வைத்த பெயர் எனக்கே மறந்துவிட்டது.

கலா மூச்சிரைக்க வந்து, நனைந்த படங்கை அவிழ்த்து எறிந்துவிட்டுக் குழந்தையை வாரி எடுத்தாள். அது அழுகையைப் பாதியில் நிறுத்திவிட்டுக் குடிக்கத் தொடங்கியது. அதன் கை அவள் சட்டையைப் பிடித்து, விட்டு, மறுபடி பிடித்தது. எனக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் நிற்கவில்லை.

"அதிர்றது நல்லாத் தெரிஞ்சிச்சா கலா? கூட்டணுமா, குறைக்கணுமா?" என்று கேட்டேன்.

அவள் குழந்தைமேல் சொட்டிய மழைத்தண்ணீரைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "சரியாத்தான் இருக்குங்க மிஸ். ஆனா அது அதிர்றதுக்கு முன்னமே மாரு கனத்து, பாலு சுரந்து, சட்டையெல்லாம் நனஞ்சிருச்சு. எப்பவும் அப்பிடித்தான். புள்ள எந்திரிக்கிறது எனக்குத் தெரிஞ்சிரும்."

"முதலிலிருந்தே தெரியுமா? அப்புறம் எதுக்கு இவ்வளவும்?"

கலா நிமிர்ந்து பார்த்தாள். கோபமில்லை. சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

"நான் சொன்னா சாக்குங்க மிஸ். சாமி சொன்னாத்தானே வாக்கு."

குழந்தை மறுபக்கத்துக்கு மாறியது. மேரி அக்கா என் கையில் தேத்தண்ணீரைத் தந்துவிட்டு, அடுத்த பிள்ளையைத் தூக்கப் போனார்.